உறுமாமல் கடித்த நாய்

“சொல்லாமக் கொள்ளாமக் கடிச்சுட்டான் சார்.” தொலைபேசியில் அந்த வீட்டுக்காரர் சொன்ன முதல் வாக்கியம் இது. நாய் கடித்த வீடுகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அதனால் நான் இதை அப்படியே நம்புவதில்லை. நாய் சொல்லியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த வீட்டில் அவர் சொன்னது பாதி உண்மை. கடித்த அன்று நாய் உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. அது ஏன் வாய் திறக்கவில்லை என்று தேடப் போனதில்தான் மற்ற எல்லாம் தெரிய வந்தன.

நாயை மணி என்று வைத்துக்கொள்வோம். வீட்டாரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான்கு வயது, கலப்பினம், 18 கிலோ எடை, கருத்தடை செய்த ஆண். இரண்டு மாதக் குட்டியாக இந்த வீட்டுக்கு வந்தவன். வீட்டில் அப்பா, அம்மா, பத்து வயது மகள், அப்பாவைப் பெற்ற பாட்டி என நான்கு பேர்.

நடந்தது இவ்வளவுதான். மாலை நேரம். மகளின் சாக்ஸைக் கவ்விக்கொண்டு மணி சோஃபாவுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறான். அப்பா மண்டியிட்டு, கையை உள்ளே விட்டுச் சாக்ஸைப் பிடித்து இழுத்திருக்கிறார். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல் ஓட்டை. அவர் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவினார். மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தும் அன்றே மருத்துவரைப் போய்ப் பார்த்தார். இரண்டுமே சரி. நாயின் ஊசி அட்டையைப் பார்த்துவிட்டு ‘நம்ம நாய்தானே’ என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு.

கடியை அளக்க இயன் டன்பர் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு படிகள் இருக்கின்றன. பல் தோலில் படாமல் காற்றைக் கவ்வுவது முதல் படி, உயிரே போவது ஆறாவது. ஒரே கடி, நான்கு ஓட்டைக்குள், அதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாத ஆழம் என்றால் அது மூன்றாவது. மணியின் கடி அங்கே நிற்கிறது. உழைத்தால் பெரும்பாலும் கட்டுக்குள் கொண்டுவரலாம். ஆனால் வீட்டில் ஒரு குழந்தை இருக்கும்போது மூன்றாவது படி என்பது அசட்டையாக இருக்கும் இடம் அல்ல.

நேரில் போவதற்கு முன்பே தொலைபேசியில் சில விஷயங்களைச் சொல்லிவிட்டேன். அவன் வாயில் இருப்பதை யாரும் பிடுங்கக் கூடாது. விழுங்கினால் ஆபத்து என்கிற பொருளாக இருந்தால், வேகவைத்த கோழித் துண்டுகளை ஒரு கைப்பிடி அறையின் மறுமூலையில் வீசுங்கள். அவன் அங்கே போனதும் கதவைச் சாத்திவிட்டுப் பொருளை எடுங்கள். சோஃபாவின் அடிப்பகுதியை அட்டைப்பெட்டி வைத்தாவது அடையுங்கள். பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இல்லாமல் மகளும் மணியும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. அழுக்குத் துணிக்கூடைக்கு மூடி போடுங்கள். இதெல்லாம் பயிற்சி இல்லை. அடுத்த கடி நிகழாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, அவ்வளவுதான். ஆனால் இது இல்லாமல் எந்தப் பயிற்சியும் எடுபடாது.

வீட்டார் சொன்ன வரலாறு

முதல் சந்திப்பில் நான் நாயைத் தொடவே இல்லை. இரண்டரை மணி நேரம் கேள்விதான் கேட்டேன். அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நாயை உட்காரவைத்து, எழுப்பி, ஏதாவது செய்துகாட்டுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்.

மூன்று மாதக் குட்டியாக இருந்தபோதே சாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவானாம். மொத்தக் குடும்பமும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடும். இதை அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். பந்தை எடுத்தால் ஒருவர்கூட எழுந்திருப்பதில்லை. சாக்ஸை எடுத்தால் மூன்று பேர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார்கள். வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் சாக்ஸ்தான் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

எட்டு மாதத்தில் விளையாட்டு முடியும் விதம் மாறியது. துணி குடலில் சிக்கினால் அறுவை சிகிச்சை வரை போகும் என்று யாரோ சொல்ல, பயந்துவிட்டார்கள். பயம் நியாயமானதுதான், அப்படி நடக்கவும் செய்யும். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் மேசைக்கு அடியில் மடக்கி, தாடையைப் பிளந்து பிடுங்கினார்கள். கூடவே, சாப்பிடும்போது கிண்ணத்துக்குள் கையை விட்டுத் துழாவும் பழக்கத்தையும் அப்பா தொடங்கினார். ‘அப்பத்தான் பழகும்’ என்று எங்கோ படித்திருக்கிறார். நீங்கள் சாப்பிடும்போது ஒருவர் தினமும் இலையில் கைவிட்டால் அவரோடு உங்களுக்குப் பழக்கமாகிவிடுமா?

ஒன்றரை வயதில் மணி முதல் தடவையாக உறுமினான். தெரிந்தவர் ஒருவர் ஆலோசனை சொன்னார்: இப்போதே அடக்காவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும், வீட்டுக்கு எஜமான் யாரென்று காட்டு. அதன்படி, உறுமினால் மல்லாத்திப் போட்டு, கழுத்தைப் பிடித்து அழுத்தினார்கள். சுருட்டிய செய்தித்தாளால் நாலு போட்டார்கள். மூன்றே வாரத்தில் உறுமல் நின்றது.

“அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஒரு பிரச்சினையும் இல்ல” என்றார் அம்மா.

நான் குறிப்பேட்டில் அடிக்கோடிட்ட வரி அது.

நாய் முதலில் கொட்டாவி விடும், மூக்கை நக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்குப் பலன் இல்லையென்றால் விலகிப் போகப் பார்க்கும். முடியாதபோது உடம்பு விறைக்கும், முறைக்கும், உறுமும், காற்றைக் கவ்வும். கடி கடைசியில்தான் வரும். பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்ட் இதை ஓர் ஏணியாக வரைந்திருக்கிறார். எல்லா நாயும் எல்லாப் படியிலும் கால் வைத்து ஏறும் என்பதில்லை. கீழ்ப்படிகளில் பலன் கிடைக்கவில்லை என்று கண்ட நாய் அவற்றை விட்டுவிடும். மேல்படியில் ஒன்றுக்கு அடி விழுந்தால் அதையும் விட்டுவிடும். மணியிடம் நின்றது உறுமல் மட்டும்தான். மனிதக் கை வந்தால் பொருள் பறிபோகும், கழுத்து நெரிபடும் என்கிற பயம் அப்படியே இருந்தது. சொல்லப்போனால் கூடியிருந்தது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இங்கே அழுததற்கு அடி விழுந்தது, பிள்ளை அழுகையை நிறுத்திக்கொண்டது.

எஜமான் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் படித்தவர், காரணம் கேட்பவர். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் அடைப்பில் வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதிய ஆய்வில் பதவிச் சண்டை பெரிதாக வந்தது. ஒரே அடைப்பில் மாட்டிக்கொண்டு விலகிப்போக வழியில்லாத ஓநாய்கள் அவை. 1970-இல் ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய நூல், கூட்டத்தின் தலைவனைக் குறிக்கும் ‘ஆல்ஃபா’ என்கிற சொல்லைப் பரப்பியது. காட்டில் ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்த அதே மெக், 1999-இல், இயற்கையான கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம், அங்கே ‘ஆல்ஃபா’ என்கிற சொல் பொருந்தாது என்று எழுதினார். இதெல்லாம் ஓநாயைப் பற்றிய பேச்சு என்பது இன்னொரு விஷயம். சாக்ஸ் திருடிய நாய்க்கு இதில் என்ன வேலை?

அப்பா செய்தவை அவருக்கு மட்டும் திரும்பி வந்தவை அல்ல. 2009-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெரானும் சகாக்களும் நாய் வளர்ப்பவர்களிடம் எந்த முறைக்கு நாய் எப்படி நடந்துகொண்டது என்று கேட்டார்கள். அடித்தவர்களில், உதைத்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் எதிர்த்திருக்கிறது. வாயிலிருந்து பொருளைப் பலவந்தமாகப் பிடுங்கியவர்களில் 39 சதவீதம். மல்லாத்திப் போட்டு அழுத்தியவர்களில் 31 சதவீதம். இந்த மூன்றையும் அவர் செய்திருந்தார். இதைப் படித்துக்காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதைச் சொல்லவில்லை. பல வீடுகளில் பெரியவர்கள் அக்கறையோடு சொல்லும் அறிவுரைதான் இது.

பழைய வீடியோக்கள்

மணி நடந்துகொண்ட விதத்தை நேரில் பார்க்க வேண்டுமானால் அவனைச் சீண்ட வேண்டும். கடித்த நாயிடம் அது தேவையில்லாத வேலை. அதற்குப் பதிலாக, கைப்பேசியில் இருக்கும் பழைய வீடியோக்களைக் காட்டச் சொன்னேன். குட்டிக்காலம் முதல் நூற்றுக்கணக்கில் இருந்தன. சத்தத்தை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து எல்லாருமாக உட்கார்ந்து பார்த்தோம்.

ஒன்றில் மணி ரப்பர் பொம்மையைக் கடித்துக்கொண்டிருக்கிறான். மகள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வருகிறாள். அவள் இரண்டு எட்டு வைத்ததும் மெல்லுவது நிற்கிறது. வாய் மூடிக்கொள்கிறது. தலை பொம்மைக்கு மேலே தாழ்கிறது. முகம் அசையாமல் கண் மட்டும் அவள் பக்கம் திரும்ப, கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. அவள் குனிந்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். வால் ஆடுகிறது, ஆனால் விறைப்பாக, முதுகுக்கு மேலே, சின்னச் சின்ன அசைவாக. குடும்பம் அந்த வீடியோவுக்கு வைத்திருந்த பெயர் ‘பாசமலர்’.

அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

இன்னொன்றில் கிழிந்த தலையணைக்குப் பக்கத்தில் காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறான். “தப்பு பண்ணினது அவனுக்கே தெரியுது பாருங்க” என்றார் அப்பா. இது கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம். நாய்களின் அறிவை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொன்ன தீனியை நாய் தின்றதா இல்லையா என்பது ஒரு பக்கம், வளர்ப்பவர் திட்டுகிறாரா இல்லையா என்பது இன்னொரு பக்கம். அந்தக் ‘குற்றமுள்ள முகம்’ தின்றதால் வரவில்லை, திட்டியதால் வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது கூடுதலாகவே தெரிந்தது. மணி அந்த வீடியோவில் தலையணைக்காக வருந்தவில்லை. எதிரே கையில் செய்தித்தாளோடு நிற்பவரைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறான்.

ஆக, மணி சொல்லாமல் இருந்ததில்லை. சத்தமில்லாமல் சொன்னவை எல்லாம் வீடியோவில் பதிவாகியிருந்தன. வீட்டாருக்குப் புரிகிற ஒரே சொல்லான உறுமல் மட்டும் அதில் இல்லை.

பாட்டி

யாரிடம் எவ்வளவு தூரத்தில் விறைக்கிறான் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்தேன். பின்னர் கயிறு கட்டி, வேலிக் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்து, மதிப்பில்லாத ஒரு பொம்மையோடு சரிபார்த்தேன். அப்பா மூன்று மீட்டர் தூரத்தில் வரும்போதே மெல்லுவதை நிறுத்தினான். அம்மாவுக்கு இரண்டு மீட்டர். மகளை அளக்கவில்லை, அளக்கவும் கூடாது. பாட்டி நாற்காலியிலிருந்து எழுந்து, கம்பை ஊன்றி, பக்கத்திலேயே வந்து நின்றார். மணி தொடர்ந்து மென்றுகொண்டிருந்தான்.

“பாட்டி, உங்ககிட்ட சாக்ஸைத் தூக்கிட்டு வந்தா என்ன செய்வீங்க?”

“என்னத்தைச் செய்யறது தம்பி, எனக்குக் குனிய முடியாது. ‘கொண்டாடா கண்ணு’ன்னு கையை நீட்டுவேன். கொஞ்ச நேரம் யோசிப்பான். அப்புறம் அவனாப் போட்டுடுவான்.”

“சும்மாவா போடுறான்?”

பாட்டி மகனை ஓரக்கண்ணால் பார்த்தார். தட்டிலிருந்து எடுத்து நாய்க்குக் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம். “ஏதோ, ஒரு வாய்” என்றார்.

இந்த வழக்கு எனக்குப் பிடிபட்ட இடம் இது. எஜமான் பதவிக்கான போட்டி என்றால், வீட்டில் உடல் பலம் மிகக் குறைந்தவரிடம்தான் மணி முதலில் தலையெடுத்திருக்க வேண்டும். நடப்பது நேர் எதிர். யாருடைய கை பறிக்குமோ அந்தக் கையிடம் பயம், யாருடைய கை கொடுக்குமோ அந்தக் கையிடம் பயமில்லை. நான் போட வேண்டிய திட்டத்தை எழுபத்தைந்து வயதுப் பாட்டி, முட்டிவலி காரணமாக, நான்கு வருடமாகத் திருட்டுத்தனமாக நடத்திவந்திருக்கிறார்.

காது

வீடியோக்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கடைசி ஆறேழு மாத வீடியோக்களில் மணி அடிக்கடி தலையை உதறுகிறான், இடது காதைச் சொறிகிறான். கடித்த அன்று அவன் இடது பக்கத்தை வெளியே காட்டித்தான் படுத்திருந்தான், கை வந்ததும் அந்தப் பக்கமாகத்தான். பயிற்சியைத் தொடங்காமல் முதலில் கால்நடை மருத்துவரிடம் அனுப்பினேன்.

இடது காதின் வெளிக்குழாய் வீங்கி, உள்ளே புண்ணாகி, நாற்றம் எடுத்துக்கொண்டிருந்தது. நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி, பின் உள்நோக்கி வளையும். அழுக்கும் ஈரமும் உள்ளே தங்கினால் மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது. நாய் காட்டிக்கொள்ளாமல் ஓடி ஆடும், வால் ஆட்டும், சாப்பிடும். வலி இருந்தால் சோர்ந்து படுத்திருக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

பிரிட்டனில் உள்ள லிங்கன் பல்கலைக்கழகத்தின் டேனியல் மில்ஸ் குழுவினர் 2020-இல் எழுதிய கட்டுரையில், நடத்தைச் சிக்கல் என்று தங்களிடம் அனுப்பப்படும் விலங்குகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, சில மருத்துவர்களின் கணக்கில் 80 சதவீதம் வரை, ஏதாவது ஒரு வலியோடு வருகின்றன என்கிறார்கள். நல்லபடியாக இருந்த நாய் திடீரென்று முரடாகிவிட்டால் முதலில் போக வேண்டியது பயிற்சியாளரிடம் அல்ல.

அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. “அப்ப காதுதான் காரணமா? மருந்து போட்டா சரியாயிடுமா?” எனக்கும் ஆமாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் காது அந்த ஒரு நாளைத்தான் விளக்கியது. மூன்று மீட்டரில் அவரைப் பார்த்து விறைப்பதைக் காது விளக்கவில்லை.

காது மருந்தே ஒரு புதுத் தொல்லையையும் கொண்டுவந்தது. தினமும் இருமுறை வலிக்கிற இடத்தில் ஒருவர் சொட்டு மருந்து ஊற்ற வேண்டும். கையை நம்பச் சொல்லிக்கொடுக்கிற அதே வாரங்களில் கை வலியையும் கொடுக்கும். அதனால் மருந்து ஊற்றுவதை அம்மாவிடம் ஒப்படைத்தோம். பயிற்சி நடக்காத அறை, ஒரு குறிப்பிட்ட நீலத் துண்டு, தரையில் ஒட்டிய தட்டில் நக்குவதற்கு ஏதாவது. துண்டை விரித்தால் மருந்து, விரிக்காவிட்டால் யாரும் காதைத் தொட மாட்டார்கள். கூடை போன்ற வாய்க்கவசத்தையும் பழக்கினோம். முதலில் அதை ஒரு தீனிக் கிண்ணம்போலக் காட்டி, மூக்கை அவனாக உள்ளே விட வைத்து, வார் கட்டுவதற்கு எட்டு நாள் எடுத்துக்கொண்டோம். அவசரமாக மாட்டியிருந்தால் அதுவும் இன்னொரு பறிக்கிற கையாகியிருக்கும்.

‘மழை’

வாயில் இருப்பதைக் கீழே போடச் சொல்ல ஒரு சொல் வேண்டும். ‘விடு’ என்பது அந்த வீட்டில் நான்கு வருடமாகக் கத்திக் கத்திக் கெட்டுப்போயிருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டாலே அவன் தாடையை இறுக்கினான். மகளிடம் புதுச் சொல் ஒன்று கேட்டேன். தீனித் துண்டுகள் தரையில் தூவப்படுவதைப் பார்த்துவிட்டு அவள் ‘மழை’ என்றாள். அதுவே நிலைத்தது.

முதல் வாரம் வாயில் எதுவுமே இல்லாதபோதுதான் சொன்னோம். ‘மழை’ என்று சொல்வது, அரை நொடி விடுவது, ஐந்தாறு துண்டுகளைத் தரையில் தூவுவது. ஒரு நாளில் இரண்டு தடவை, தடவைக்கு ஐந்து முறை. கையில் காட்டி நீட்டாமல் தரையில் தூவுவதற்குக் காரணம் உண்டு. துண்டுகளைப் பொறுக்க வாய் திறக்க வேண்டும், தலை குனிய வேண்டும், மனிதக் கை வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை. சொல்லைக் கேட்டதும் அவன் கண் தானாகத் தரைக்குப் போக நாலு நாள் ஆனது.

அதற்கப்புறம் அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்காத பொம்மை வாயில் இருக்கும்போது. அவன் அதைப் போட்டுவிட்டுப் பொறுக்குவான். பொறுக்கி முடித்ததும் பொம்மை அங்கேயே இருக்கும். யாரும் எடுக்கவில்லை. சில நாள் கழித்து, அவன் பொறுக்கும்போது பொம்மையை எடுத்துப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுப்பது. இந்தத் திருப்பிக் கொடுத்தல்தான் அப்பாவுக்குப் பிடிபடவே இல்லை. “எடுத்ததை எதுக்கு சார் மறுபடி கொடுக்கணும்?” வங்கியில் போட்ட பணம் திரும்பி வராது என்றால் யாராவது போடுவார்களா என்றேன். பத்தில் எட்டு முறை திரும்பி வந்தால்தான் மீதி இரண்டு முறை சாக்ஸை எடுத்துக்கொள்ள முடியும்.

இதோடு சேர்ந்தே இன்னொரு பயிற்சி, அப்பாவுக்கென்று. மணி எதையாவது மென்றுகொண்டிருக்கும்போது அப்பா நான்கு மீட்டர் தள்ளி நடந்துபோக வேண்டும். போகிறபோக்கில் ஒரு கோழித் துண்டை அவன் பக்கம் வீசிவிட்டு, நிற்காமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். ஒன்றும் கேட்கக் கூடாது. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் சோதனையில் நாய்களுக்கு உணவு வருவதற்கு முன் எந்த ஒலி கேட்டதோ அந்த ஒலிக்கே எச்சில் ஊறியது. அப்பாவின் காலடிச் சத்தத்தை அந்த ஒலியாக மாற்றுவதுதான் வேலை. மணியின் உடம்பு தளர்வாக இருந்தால் மறுநாள் அரை மீட்டர் நெருங்கலாம். விறைத்தால் பழைய தூரத்துக்குப் போக வேண்டும்.

மகளுக்கு முதல் எட்டு வாரம் பயிற்சியில் இடமில்லை. அழுதாள். அதனால் நோட்டு அவள் பொறுப்பானது. வேலிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுத வேண்டும். தேதி, பொருள், யார், எவ்வளவு தூரம் என்று நான் கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். அவளாக ஒரு கட்டம் சேர்த்திருந்தாள்: ‘வாய் மூடினானா?’ பெரியவர்கள் மூவரும் மாதக்கணக்கில் கவனிக்காத அறிகுறி அது. நான் எழுதிய குறிப்புகளைவிட அந்த ஒரு கட்டம்தான் அடுத்த படிக்குப் போகலாமா என்று முடிவெடுக்க உதவியது.

மூன்றாவது வாரம் அம்மா சலித்துக்கொண்டார். திருட்டு கூடிவிட்டதாம். முன்பெல்லாம் சாக்ஸை எடுத்தால் ஒளிவான். இப்போது தலையை நிமிர்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு, நேரே அப்பாவிடம் கொண்டுவந்து நிற்கிறான், கூலி கேட்டு. “லஞ்சம் கொடுத்துத் திருடக் கத்துக்கொடுக்கறோமோ?” நியாயமான கேள்வி, பதிலும் கொஞ்சம் சங்கடமானது. ஆமாம், ஓரளவுக்கு அதுதான் நடந்தது. ஆனால் சோஃபாவுக்கு அடியில் பதுங்கிக் கடிக்கிற நாயைவிட, சாக்ஸைக் கொண்டுவந்து காலடியில் போடுகிற நாய் எனக்கு ஆயிரம் மடங்கு மேல். சாக்ஸ் தரையில் கிடந்தும் எடுக்காமல் தாண்டிப் போகும்போதும், தன் பாயில் போய்ப் படுக்கும்போதும் அதைவிட நல்ல தீனி கொடுக்கத் தொடங்கினோம். துணிக்கூடை மூடியை நினைவாகப் போடத் தொடங்கினார்கள். இரண்டும் சேர்ந்து ஒரு மாதத்தில் திருட்டைக் குறைத்தன. இரண்டாவதற்குத்தான் பங்கு அதிகம் என்பது என் சந்தேகம்.

ஐந்தாவது வாரம்

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். அப்பா ஒன்றரை மீட்டர் வரை நெருங்கியிருந்தார். எல்லாம் நன்றாகப் போகிறது என்ற தைரியத்தில், பழைய பொம்மைக்குப் பதிலாக அவனுக்கு உயிரான கடிகட்டை ஒன்றைக் கொடுக்கச் சொன்னேன். அதே தூரத்தில். பொருளின் மதிப்பை ஏற்றினால் தூரத்தையும் ஏற்ற வேண்டும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. அவசரத்தில் விட்டுவிட்டேன்.

அன்று இரவு தொலைபேசி. அப்பாவின் குரலே சரியில்லை. “எல்லாம் போச்சு சார். மறுபடி உறும ஆரம்பிச்சுட்டான்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“நீங்க சொன்ன மாதிரிதான். நின்னேன். அப்படியே பின்னால வந்துட்டேன்.”

“அவன்?”

“உறுமறதை நிறுத்திட்டு மறுபடி கடிக்க ஆரம்பிச்சுட்டான். கட்டையைத்தான்.”

நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து அந்த நாய் முதல் தடவையாக உறுமியிருக்கிறது. உறுமியதற்கு அடி விழவில்லை, எதிரே இருந்தவர் விலகிப் போனார். கடிக்க வேண்டிய தேவையே வரவில்லை. என் தவறால் நடந்த நல்லது இது, திட்டமிட்டு யாரும் இப்படிச் செய்துபார்க்கக் கூடாது. அடித்து நிறுத்தப்பட்ட உறுமல் எல்லா நாய்களிடமும் திரும்பி வந்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். மணியிடம் வந்தது.

‘உறுமினால் விட்டுக்கொடுத்தால் அது கெட்டுப்போகாதா?’ என்று பாட்டியைத் தவிர எல்லாரும் கேட்டார்கள். உறுமிய நேரத்தில் விலகுவது அன்றைய சமாளிப்பு. அடுத்த நாள் செய்ய வேண்டிய வேலை, அவன் உறும வேண்டிய நிலைக்கே போகாத தூரத்துக்கும் பொருளுக்கும் திரும்புவது. மறுநாள் கட்டையை எடுத்துவைத்துவிட்டுப் பொம்மைக்கே திரும்பினோம். மகளின் நோட்டில் அந்தப் பக்கத்தில் ‘வாய் மூடினானா?’ என்ற கட்டத்தில் ‘மூடினான், பிறகு பேசினான்’ என்று எழுதியிருந்தது.

எட்டு மாதம் கழித்து

இப்போது சாக்ஸ், கைக்குட்டை, காகிதம், பந்து எதுவானாலும் அப்பா ‘மழை’ என்றால் போட்டுவிடுகிறான். அம்மா சொன்னால் சில நேரம் தீனி இல்லாமலே போடுகிறான். கிண்ணத்தில் கைவிடும் பழக்கம் போய்விட்டது. போகிறபோக்கில் கிண்ணத்தில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், அதுவும் எப்போதாவது. மகள், பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது, பாயில் இருக்கும் மணியைத் தன்னிடம் கூப்பிட்டு விளையாடுகிறாள். அவன் படுத்திருக்கும் இடத்துக்கு அவள் போவதில்லை.

சரியாகாதவையும் உண்டு. கடிகட்டை விஷயத்தில் நாங்கள் இன்னும் அரை மீட்டருக்குள் போகவில்லை. போக வேண்டுமா என்றும் எனக்குத் தோன்றவில்லை. கதவைச் சாத்திய அறையில் தனியாகக் கடித்துக்கொண்டிருக்கட்டும், அவனுக்கும் ஒரு தனிமை வேண்டாமா? விருந்தினரின் சிறு பிள்ளைகள் வரும் நாட்களில் மணி வேலிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான். அந்த விதி அவன் ஆயுள் முழுக்க இருக்கும் என்று எழுதியே கொடுத்திருக்கிறேன். சோஃபா அட்டைப்பெட்டிகள் போய் மரப்பலகை வந்துவிட்டது.

போன மாதம் அம்மா அழைத்தார். மணியின் கழுத்துப்பட்டையைக் கழற்றக் கை வைத்தபோது தாழ்ந்த குரலில் உறுமினானாம். பட்டைக்கு ஒருநாளும் உறுமியதில்லை. கையை எடுத்துக்கொண்டார், திட்டவில்லை. மாலையில் வலது பக்கமாகத் தடவிப்பார்த்தார், ஒன்றுமில்லை. இடது காதருகே கை போனதும் மறுபடி உறுமல். மறுநாள் காலை வாய்க்கவசம் மாட்டி மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். குழாயின் அடியில் புண் மறுபடி தொடங்கியிருந்தது, வெளியே இன்னும் நாற்றம்கூட வரவில்லை.